யார் வைத்த பெயர்?

ஒரு திருநங்கை வேலைக்குச் சேர்ந்தாலும், தேர்தலில் நின்றாலும், விருது வாங்கினாலும் நம் செய்தித்தாள்கள் அவர் கதையை ஒரே வார்ப்பில்தான் எழுதுகின்றன. முதல் பத்தியிலேயே பெற்றோர் வைத்த ஆண் பெயர் வந்துவிடும். பிறகு பள்ளியில் பட்ட கேலி, வீட்டை விட்டு வெளியேறியது. பிறகு, தன் பெயரை இன்னதென்று மாற்றிக்கொண்டார் என்று ஒரு வரி. பழைய பெயரை விடாமல் தோண்டியெடுக்கிற நிருபர், புதுப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. அந்த ஒற்றை வரி நெடுநாளாக என்னை உறுத்துகிறது. ஆதரவாகப் படிப்பவர்கள் அதில் தனிமனித சுதந்திரத்தைப் பார்க்கிறார்கள்; தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொள்வது புதுக்காலம் தந்த உரிமை என்கிறார்கள். எதிர்ப்பாகப் படிப்பவர்கள் பெற்றவர்கள் வைத்த பெயரைத் தூக்கி எறியும் திமிரைப் பார்க்கிறார்கள்; அந்தப் பழியையும் புதுக்காலத்தின் தலையில்தான் போடுகிறார்கள். சண்டை போடும் இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: அந்தப் பெயரை அவர் தனியாக உட்கார்ந்து வைத்துக்கொண்டார் என்பதில். அது உண்மைதானா? உடலும் வாழ்வும் மாறும்போது வருகிற பெயர் தமிழ்நாட்டில் யார் வாயிலிருந்து வருகிறது?

விடை அரசிதழில் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பெயர் மாற்றம் அதிகாரபூர்வமாவது தமிழ்நாடு அரசிதழில். ஆகவே பெயர்களின் பிறப்பும் அங்கே பதிவாகியிருக்க வேண்டும் என்பது கணக்கு. அதன் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் பெயர் மாற்ற அறிவிக்கைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம்தான். இன்னார், இன்னாருடைய மகன் அல்லது மகள், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், குடியிருக்கும் முகவரி, இனி இன்ன பெயரால் அறியப்படுவார். காரணம் சொல்ல அதில் இடமே கிடையாது. மதம் மாறியவர், மணமுறிவுக்குப் பின் கணவர் பெயரை விட்டவர், பள்ளிச் சான்றிதழில் தப்பாக விழுந்த எழுத்தைத் திருத்தியவர், எண்கணித ஜோசியர் சொன்னாரென்று ஆங்கிலத்தில் ஓர் ‘ஏ’யைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டவர் என எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கடைசியாகச் சொன்னவரின் பெயரைத் தமிழில் எழுதினால் பழையதும் புதியதும் ஒன்றேதான். ஆனாலும் அரசு முகம் சுளிக்காமல் அச்சிட்டுக் கொடுக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஆண் பெயரொன்று பெண் பெயராகிற வாக்கியமும், பெண் பெயரொன்று ஆண் பெயராகிற வாக்கியமும் தென்படும். அங்கேயே நின்று உற்றுப் பார்த்தாலும் அவை வாய் திறப்பதில்லை. பழைய பெயரின் முதலெழுத்தைப் புதுப் பெயரில் காப்பாற்றியிருக்கிறார்களா, தெய்வத்தின் பெயரா, நடிகையின் பெயரா என்று வகை பிரித்துப் பார்க்கலாம். ஆனால் முதலெழுத்தைக் காப்பாற்றுவதும் தெய்வப் பெயருக்கு மாறுவதும் ஜோசியர் சொல்லி வந்தவர்களும் செய்வதுதான். சினிமாப் பெயர் என்று சிரிப்பவர்கள் தங்கள் வகுப்புத் தோழர்களின் வருகைப் பதிவேட்டை ஒரு முறை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அரசிதழ் காட்டிய ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். பெயர் மாறும், இனிஷியல் மாறுவதில்லை. தன்னை வீட்டை விட்டுத் துரத்திய அப்பாவின் பெயரெழுத்து, அவர் ஒருபோதும் உச்சரிக்க மறுத்த பெயருக்கு முன்னால் போய் நிற்கிறது. மற்றபடி அரசிதழ் ஒரு முட்டுச்சந்துதான். பெயரின் மூலத்தைத் தேடி, பெயர் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் சடங்கிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அங்கேதான் புரிந்தது.

துப்பு சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கிடைத்தது. திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் தங்கள் மகனுக்கு வைத்த பெயர் மருணீக்கியார். சமணத்தில் சேர்ந்தபோது அங்கிருந்தவர்கள் அவரைத் தருமசேனர் ஆக்கினார்கள். சைவத்துக்குத் திரும்பியபோது திருவதிகையில் இறைவன் நாவுக்கரசு என்றான். சீர்காழியில் சிறுபிள்ளையான சம்பந்தர் அப்பரே என்று கூப்பிட்டார். ஊர் உலகம் அதையே பிடித்துக்கொண்டது. ஒரே வாழ்க்கையில் நான்கு பெயர்கள். அவற்றில் ஒன்றுகூட அவரே வைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் ஒரு வாசலுக்குள் நுழைகிறார், உள்ளே இருப்பவர்கள் ஒரு பெயரோடு காத்திருக்கிறார்கள். பெற்றோர் வைத்த பெயரைக் கைவிட்டதற்காக அவரைத் திமிர் பிடித்தவர் என்று சேக்கிழார் எழுதவில்லை. மருணீக்கியார் என்று இன்று கூப்பிட்டால்தான் யாரைச் சொல்கிறோம் என்று கேட்பார்கள்.

அப்பரை விட என்னை அதிகம் நிறுத்தியவர் காரைக்கால் அம்மையார். அவரைத் திருநர் வரலாற்றுக்குள் இழுத்துவர நான் முயலவில்லை; அவர் துறந்தது பெண் உடலின் அழகை, அடைந்தது பேய் வடிவத்தை. ஆனால் உடல் மாறும்போது பெயருக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு கூர்மையான சான்று தமிழில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் புனிதவதி. அவரைத் தெய்வமென்று அஞ்சி விலகிப் பாண்டி நாட்டுக்குப் போன கணவர் பரமதத்தன் அங்கே மறுமணம் செய்து, பிறந்த மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார் என்கிறது புராணம். குழந்தையோடு வந்து அவர் காலில் விழுந்து அதைச் சொன்ன பிறகுதான் அம்மையார் தசை உதிர்த்துப் பேய் உருவம் கேட்கிறார். பழைய பெயர் வேறொரு பெண்ணிடம் போய்விட்டது. அது இனி அவருடையது இல்லை. பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தம் பாடல்களில் அவர் தம்மைக் காரைக்காற்பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். தனக்குத்தானே ஒருவர் பெயர் வைத்துக்கொண்டதற்குக் கையெழுத்தோடு கிடைக்கும் சான்று அது. ஆனால் தலையால் நடந்து கயிலை ஏறியவரைப் பார்த்து இறைவன் அம்மையே என்று அழைக்கிறான். அறுபத்துமூவர் வரிசையில் நிலைத்தது அந்த அழைப்புதான். அவர் வைத்துக்கொண்ட பெயர் பாடலுக்குள் உயிரோடு இருக்கிறது, அவர் அழைக்கப்பட்ட பெயர் கோயிலில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது என் கேள்வியே திசைமாறிவிட்டது. பெயரை வைத்தது தானா பிறரா என்று இரண்டில் ஒன்றைக் கேட்டதே போதாது. ஒருவர் முன்வைக்கிறார், இன்னொருவர் அதைச் சொல்லியோ வேறொன்றைச் சொல்லியோ அழைக்கிறார். இரண்டும் நடந்தால்தான் அது பெயராகிறது.

இந்தக் கண்ணோடு திருநங்கையரின் வழக்கத்தைப் பார்த்தால் செய்தித்தாளின் அந்த ஒற்றை வரி எவ்வளவு வெறுமையானது என்று தெரியும். திருநங்கையரின் சமூக அமைப்பான ஜமாத்தில் ஒரு வீட்டோடு சேர ரீத் என்னும் சேர்க்கைச் சடங்கு நடக்க வேண்டும். ஒரு குரு சேலாவாக, அதாவது சீடராக, ஏற்க வேண்டும். குரு அம்மாவாகிறார், குருவின் குரு நானியாகிறார், மூத்தவர்களைப் பாம்படுத்தி சொல்லி வணங்க வேண்டும். பெண் பெயர் உறுதிப்படுவது இந்த உறவுகளுக்கு நடுவில்தான். சிலர் மனத்தில் ஒரு பெயரோடு வருகிறார்கள், சிலருக்கு அம்மா வைக்கிறார், சிலருக்குத் தோழிகள் விளையாட்டாகக் கூப்பிட்டது ஒட்டிக்கொள்கிறது. ஜமாத்துக்கு வெளியேயும் இதே அமைப்பைப் பார்க்கலாம். 2019இல் பத்மஸ்ரீ பெற்ற பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு நர்த்தகி என்ற பெயரைத் தந்தவர் அவருடைய நாட்டிய ஆசான் தஞ்சாவூர் கே.பி.கிட்டப்பா பிள்ளை. தஞ்சை நால்வர் மரபில் வந்த ஒரு நட்டுவனார், மதுரையிலிருந்து தேடிவந்த மாணவியை எந்தச் சான்றிதழும் கேட்காமல் ஒரு பெண் பெயரால் அழைத்தார். அந்த அழைப்பை நவீன காலத்தின் கணக்கிலும் எழுத முடியாது, தனிமனித சுதந்திரத்தின் கணக்கில் மட்டும் எழுதவும் முடியாது.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. பெயரிடுபவருக்கு அதிகாரமும் சேர்ந்து வருகிறது. ஒரு குருவை விட்டு இன்னொரு குருவிடம் போகப் பணம் கட்ட வேண்டியிருக்கும்; சேலாவின் சம்பாத்தியத்தில் குருவுக்குப் பங்கு உண்டு; வீட்டுக்குள் அடியும் உண்டு. திருநங்கை எழுத்தாளர் ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’ இவற்றை மறைக்காமல் சொல்கிறது. அப்படியிருக்க, அழைப்பவரை இவ்வளவு உயர்த்திப் பேசுவது பழைய அப்பாவின் இடத்தில் புது அம்மாவை உட்காரவைப்பதாகாதா? ரேவதியின் வாழ்க்கையிலேயே இதற்குப் பாதிப் பதில் இருக்கிறது. டெல்லி, மும்பை, பெங்களூர் என்று ஊரும் வீடும் குருவும் மாறினாலும் அவர் ரேவதியாகவே இருந்தார். அழைப்பவர் பெயரைத் தொடங்கி வைக்கலாம், அதன் சொந்தக்காரராகிவிட முடியாது. மீதிப் பதிலை, பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளிடம் கேட்க வேண்டும், அங்கேதான் என் வாதம் தடுமாறுகிறது. அவர்களுக்கு ஜமாத் இல்லை, அம்மா இல்லை, ரீத் இல்லை. ரேவதி 2016இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இரண்டாவது தன்வரலாற்று நூலின் பாதியைத் திருநம்பிகளின் கதைகளுக்கே கொடுத்தார். அந்தத் தனிமை எவ்வளவு பெரிது என்று அதில் தெரிகிறது. ஒரு திருநம்பி தன் பெயரைத் தானேதான் தேடிக்கொள்ள வேண்டும் என்றால், தனியாக உட்கார்ந்து வைத்துக்கொண்டார் என்ற கதை அவர் விஷயத்தில் உண்மையாகிவிடுகிறது. ஆனால் அதை நான் சுதந்திரம் என்று கொண்டாடத் தயங்குகிறேன். வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட விடுதி அறையில் ஒரு நண்பர், வேலை செய்யும் இடத்தில் ஒருவர் கிடைக்கும்வரை அது அவர் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. வேதாசலம் மறைமலை ஆனதையும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதையும், ராமையா அன்பழகன் ஆனதையும் பெருமையாகப் பாடப்புத்தகத்தில் சொல்லித்தரும் மாநிலம் இது. மறைமலையடிகள் தம் பெயரோடு நிற்காமல் பெற்ற பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றினார். அங்கே கொள்கை பெயர் வைத்தது, இயக்கம் அழைத்தது. இன்னொரு மறுப்பு, பெயரை இஷ்டத்துக்கு மாற்றவிட்டால் கடன்காரனும் குற்றவாளியும் தப்பிவிடுவார்கள் என்பது. அரசிதழின் அந்த ஒற்றை வாக்கியமே அதற்குப் பதில்: பழைய பெயரும் புதுப் பெயரும் முகவரியோடு ஒரே வரியில் பகிரங்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. 2024 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், திருநர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயர், பாலினத்தோடு புதியவற்றையும் சேர்த்தே தரும்படி சொன்னது. கயிறு அறுந்துவிடுமோ என்று அரசு கவலைப்படத் தேவையே இல்லை. சம்பந்தப்பட்டவர்தான் அந்தக் கயிற்றை ஒவ்வொரு நேர்காணலிலும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

சட்டத்தைப் படிக்கும்போதுதான் தேடலின் கசப்பான பகுதி வந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2021இல் ஜிக்யா யாதவ் வழக்கில், பெயர் என்பது கருத்துச் சுதந்திரத்தோடு சேர்ந்தது என்றது. 2019இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, சான்றிதழ் பெற்றவர் தன் பிறப்புச் சான்றிதழிலும் பிற ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. முதற்பெயரை மட்டும். அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு குடும்பம் என்பதை ரத்தத்தால், திருமணத்தால், சட்டப்படியான தத்தால் இணைந்தவர்கள் என்று வரையறுக்கிறது. ஆக, அம்மா வைத்த பெயர் செல்லும், வைத்த அம்மா செல்லாது. தத்தெடுத்துக்கொள்ளட்டுமே என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் பதினைந்து வயதைக் கடந்தவரைத் தத்தெடுக்க அனுமதிப்பதில்லை. அப்படியொரு வழக்காறு அவர்களிடம் இருந்தால் தவிர. சேலாவை மகளாக ஏற்பது வழக்காறு இல்லையென்றால் வேறெதுதான் வழக்காறு என்று ஒரு வழக்கறிஞர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அப்படியொரு வழக்கு தொடுத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழியும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழ், இன்னாருடைய மகன், மகள், பாதுகாப்பில் இருப்பவர், வாழ்க்கைத்துணை என்ற நான்கில் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தவரை அடையாளம் காட்டுகிறது. அதன் கீழே பிறப்புப் பெயரும் வருகிறது. இந்தப் படிவம் சட்டத்தில் இல்லை, விதிகளில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் இயற்றாமலேயே ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கையால் அதை மாற்றலாம். தனக்கு யார் உறவு என்பதை விண்ணப்பிப்பவரே எழுதட்டும் என்று விட்டால் ஒரு திருநங்கை அங்கே குருவின் பெயரை எழுதுவார், குருவிடம் அடிபட்டு வந்தவர் எழுதமாட்டார், ஒரு திருநம்பி தன்னை முதன்முதலாக அந்தப் பெயரால் கூப்பிட்ட நண்பரை எழுதலாம், யாருமில்லாதவர் காலியாக விட்டுவிடலாம்.