முதுகைக் காட்டினால் சரித்திரம்!

சென்னைக்கு உறவினர் வந்தால் என்ன செய்கிறீர்கள்? மெரினாவில் சுண்டல் வாங்கிக் கொடுத்து, மறுநாள் தியாகராய நகர் ஜவுளிக் கடையில் கொண்டு போய் விடுகிறீர்கள். அடுத்த தடவை, சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்குமுன், கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

ராணி மேரி கல்லூரியைத் தாண்டி, கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில், வெள்ளை வெளேரென்று தூண்களோடு நிற்கிறதே, அது போலீஸ் தலைமை அலுவலகம். 1839-ல் கட்டியது. 1993-ல் அதை இடித்துவிட்டு அடுக்குக் கட்டடம் எழுப்ப ஏற்பாடாயிற்று. ஆட்சேபம் கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் ஏறி, கட்டடம் பிழைத்தது.

பழைய கட்டடத்துக்காக ஊரார் வாதாடுவதாவது என்று தோன்றுகிறதா? அந்த வழக்கத்தை இங்கே வளர்த்தவர்களில் முக்கியமானவர் எஸ். முத்தையா. 1930-ல் பிறந்து, கொழும்பில் பத்திரிகை உத்தியோகம் பார்த்து, 1968-ல் சென்னைக்கு வந்தவர். சரித்திரப் பேராசிரியர் அல்ல. தேசப்படம் அச்சிடும் கம்பெனியில் வேலை. ஊரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து 1981-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1991-ல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' பத்திரிகையைத் தொடங்கினார்.

1999 முதல் 'ஹிந்து'வில் வாராவாரம் அவர் எழுதி வந்த பகுதியில் ஒரு விசேஷம் உண்டு. தபாலில் வாசகர்கள் அனுப்பும் தகவல்களும் திருத்தங்களும் அதிலேயே அச்சாகும். ஊர்ச் சரித்திரத்தை ஊராரையே எழுத வைத்தார் என்று சொல்லலாம். பட்டம் பெற்ற பண்டிதர்களுக்கு எட்டாத சங்கதிகள் நம் வீட்டுப் பரண் டிரங்குப் பெட்டியிலும் பாட்டிமார் ஞாபகத்திலும் அல்லவா இருக்கின்றன!

எல்லாம் ஜயம் என்று எண்ண வேண்டாம். ராஜாஜி சாலையில் பென்டிங்க் கட்டடம் என்று ஒன்று கம்பீரமாக நின்றது. இடித்தே விட்டார்கள். அந்த இடத்தில் இன்று இருப்பது கலெக்டர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை. அங்கே போய் எதை நீங்கள் குழந்தைக்குக் காட்டுவீர்கள்?

1639 ஆகஸ்டு 22-ஐ நகரின் பிறந்த நாளாக வைத்து, 2004-ல் முத்தையாவும் நண்பர்களும் சென்னை தினம் கொண்டாடத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவைப் பற்றிப் பேசலாம், நாலு பேரை நடத்திக் கூட்டிப் போய்க் காட்டலாம். 2019-ல் அவர் காலமானார். ஆகஸ்டு நடைகள் நிற்கவில்லை.

போவதானால் குடை எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் பொல்லாதது. நடக்க முடிந்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். வழிகாட்டியை நிறுத்தி, "அப்படி இல்லையப்பா" என்று ஆரம்பிக்கிறவர் அவராகத்தான் இருப்பார்.