கரகரப்பு எங்கிருந்து வந்தது?



கணினியின் ஒலிபெருக்கியில் எழும் கரகரப்பைப் பற்றி மார்க்கம் பேசும் ஒரு பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அண்மைக்காலம் வரை எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அந்தக் கரகரப்பைப் பொருட்படுத்தாமல் விட்டதால், குற்றம் செய்யாத ஒரு சிறுவனைப் பலர் முன்னிலையில் கண்டித்துவிட்டோம். அதனை மறைக்காமல் எழுதுவது எங்களுக்கும், பிள்ளைகளை ஓத அனுப்பும் உங்களுக்கும் பயனளிக்கும் என்று நம்புகிறோம்.

எங்கள் மக்தப் மதரஸாவில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் 40 பிள்ளைகள் வரை ஓதுகின்றனர். ஓதிக் கொடுப்பவர்கள் பெரிய ஹஸ்ரத்தும் நாங்களுமாக இருவர் மட்டுமே. முதலில் நாங்கள் ஓதிக் காட்டுவோம். பிள்ளைகள் திருப்பி ஓதுவார்கள். அதன் பின்னர், நன்கொடையாக வந்த பழைய கணினியில் காரீ மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ அவர்களின் கிராஅத்தை ஒலிக்கச் செய்வோம். எகிப்தைச் சேர்ந்த அவர்கள் 1917இல் பிறந்து 1980இல் மறைந்தவர்கள். குர்ஆன் முழுவதையும் முர்த்தலாக ஓதி 1961இல் வெளிவந்த முதல் ஒலிப்பதிவு அவர்களுடையதே. எழுத்துகளின் மக்ரஜும் மத்துகளின் அளவும் அந்த ஓதலில் தெளிவாக இருப்பதால், உலகெங்கும் உள்ள மதரஸாக்கள் அதனைத் துணையாகக் கொள்கின்றன.

துணை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குர்ஆனைக் கற்கும் வழி தலக்கீ ஆகும். ஆசிரியரின் வாயிலிருந்து கேட்டு, அவர் முன்னிலையில் ஓதிக் காட்டித் திருத்தம் பெறுவதையே அச்சொல் குறிக்கிறது. கருவி ஓதிக் காட்டும். பிள்ளை ஓதுவதைக் கேட்டுத் திருத்தாது. இதனை நாங்கள் பிறருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்.

ஒன்பது வயதுடைய ஒரு மாணவன் ஸூரத்துந் நாஸை ஓதிக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த ஸூராவின் வசனங்கள் ‘நாஸ்’ என்னும் ஓசையில் முடிகின்றன. அங்கு நிறுத்தும்போது மத்தை 2, 4 அல்லது 6 ஹரகத் அளவுக்கு நீட்டலாம். அவன் நீட்டிய ஒவ்வொரு முறையும் குரல் நடுங்கியது. ஸீனுக்குச் சற்று முன் ஓர் உடைவும் கேட்டது. குரலை வேண்டுமென்றே நடுக்கி ஓதுவதைத் தஜ்வீத் அறிஞர்கள் தர்ஈத் என்று பெயரிட்டு வெறுத்திருக்கின்றனர். அவன் பாடகர்களைப் பார்த்துக் குரலை ஆட்டுகிறான் என்று நாங்கள் முடிவு செய்தோம். “ஓதுகிறாயா, பாட்டுப் பாடுகிறாயா?” என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி கடிந்துகொண்டோம். மறுநாளும் அதே நடுக்கம். மூன்றாம் நாள் அவனைக் கடைசி வரிசையில் தனியாக அமரச் செய்தோம். அதற்குப் பிறகு நான்கு நாட்கள் அவன் வரவில்லை.

ஐந்தாம் நாள் இஷாவுக்குப் பிறகு பெரிய ஹஸ்ரத்தும் நாங்களும் அவன் வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய வாப்பா வெளிநாட்டில் இருப்பதால் நன்னாதான் எங்களைத் திண்ணையில் அமரவைத்தார். குறை சொல்லும் குரலில் அவர் பேசவில்லை. “ராத்திரி படுத்துக்கிட்டும் அந்தச் சூராவத்தான் ஓதுறான், ஹஸ்ரத். பெட்டியில எப்படிக் கேட்டுச்சோ அப்படியேதான் நன்னா ஓதுறேன், ஆனா ஹஸ்ரத் திட்டுறாங்கன்னு அழுவுறான்” என்றார்.

திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நேரே மதரஸாவுக்குச் சென்று, அச்சிறுவன் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்து அதே ஸூராவை ஒலிக்கவிட்டோம். அந்த இடம் இடப்பக்க ஒலிபெருக்கிக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. தாமதமாக வரும் பிள்ளைக்கு அந்த மூலைதான் மிஞ்சும். ‘நாஸ்’ என்று மத்து நீளும் இடத்தில் ஒலிபெருக்கி அதிர்ந்தது. இறுதியில் படக்கென்று ஓர் உடைவு. அந்தச் சிறுவன் எதைக் கேட்டானோ அதனைக் குறைக்காமல், கூட்டாமல் ஓதியிருக்கிறான். நாங்கள் அறையின் மறுகோடியில், வலப்பக்க ஒலிபெருக்கியின் அருகில் அமர்ந்து வந்திருக்கிறோம். கரகரப்பு இருப்பது எங்களுக்கும் தெரிந்தே இருந்தது. பழைய பொருள் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

பழுதைச் சரிசெய்ய முற்பட்டபோது, கடைக்காரர் ஒருவர் கணினியைத் திறந்து பாராமலேயே “மதர்போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க” என்றார். மதரஸாவின் பணம் மக்கள் நம்பி ஒப்படைத்த அமானத். காரணம் அறியாமல் அதனைச் செலவிட எங்களுக்கு மனம் வரவில்லை. எங்களிடம் ஓதி, இப்போது கணினி பழுதுபார்க்கும் பணியில் இருக்கும் ஒரு முன்னாள் மாணவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் சொன்ன முதல் விதி இது: “ஒரு நேரத்துல ஒன்னை மட்டும் மாத்திப் பாருங்க, ஹஸ்ரத். ரெண்டைச் சேர்த்து மாத்தினா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது.”

முதலில், பதிவிலேயே குறை உள்ளதா என்று பார்த்தோம். அதே கோப்பைக் கைபேசிக்கு மாற்றி இயர்போனில் கேட்டோம். ஓதல் தெளிவாக இருந்தது. ஆகவே பதிவின் மீது குற்றமில்லை.

இரண்டாவதாக, ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, இயர்போனைக் கணினியின் முன்பக்கத் துளையில் செருகினோம். செருகியைத் தொட்டபோதெல்லாம் கரகரவென்றது. பின்பக்கத்தில் உள்ள பச்சை நிறத் துளையில் செருகியபோது அந்த ஓசை இல்லை. முன்பக்கத் துளைக்குச் செல்லும் கம்பி பெட்டிக்குள் மற்றக் கருவிகளைக் கடந்து செல்வதால் மின் இரைச்சலை எளிதில் வாங்கிக்கொள்ளும் என்றும், நாள்தோறும் செருகி எடுப்பதால் உள்ளேயுள்ள தகடுகளின் பிடிப்பும் தளரும் என்றும் அம்மாணவர் விளக்கினார். செருகியை உலர்ந்த துணியால் துடைத்து, ஒலிபெருக்கியைப் பின்பக்கத்திலேயே நிலையாக இணைத்தோம். அவ்வப்போது எழுந்த சடசடப்பு நின்றது. மத்தில் எழுந்த அதிர்வு நிற்கவில்லை.

மூன்றாவதாக ஒலியளவைப் பார்த்தோம். ஒலியை இயக்கும் மென்பொருளில் 150 விழுக்காடு, விண்டோஸில் 100, ஒலிபெருக்கியின் திருகிலோ கால் பங்கு என்று இருந்தது. 16 பிட் ஒலியில் அலையின் உயரத்தைக் குறிக்க மொத்தம் 65,536 படிகளே உள்ளன. மென்பொருளில் அளவுக்கு மீறி உயர்த்தினால், அந்தப் படிகளைத் தாண்டும் அலைமுகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். நிறைந்த படியில் மேலும் அரிசியைக் கொட்டினால் அது தரையில்தானே சிந்தும்! குரல் ஓங்கி நீளும் இடத்தில்தான் இந்த வெட்டு மிகுதியாகக் கேட்கும். மென்பொருளை 100க்கும் விண்டோஸை 75க்கும் இறக்கி, திருகில் ஒலியைக் கூட்டினோம். திருகும்போது அதுவும் கரகரத்தது. உள்ளே தூசி சேர்ந்தால் அவ்வாறு ஆகுமாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திருகை இருபுறமும் பலமுறை சுழற்றியதும் பெரும்பாலும் அடங்கியது.

நான்காவதாக, விண்டோஸில் இட வல ஒலிச் சமநிலையை மாற்றிக் கேட்டோம். வலப்பக்கம் மட்டும் ஒலித்தபோது ஓதல் தூய்மையாக இருந்தது. இடப்பக்கம் மட்டும் ஒலித்தபோது மெல்லிய அதிர்வு எஞ்சியிருந்தது. முன்துணியை அகற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் காகிதக் கூம்பின் விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்குப் பசை விட்டுப் பிரிந்திருந்தது. காய்ந்த பின்னும் வளையக்கூடிய ரப்பர் பசையை மெல்லிதாகத் தடவி, ஓர் இரவு உலரவிட்டோம். மறுநாள் அதிர்வு இல்லை. மொத்தச் செலவு ஒரு சிறு பசைக்குழாய்தான்.

உங்கள் இல்லங்களிலும் பிள்ளைகள் கணினியில் கிராஅத் கேட்கின்றனர். எங்களுக்கு நேராத வேறு காரணங்களையும் அம்மாணவர் சொல்லக் குறித்துக்கொண்டோம். இயர்போனில் கேட்டாலும், எந்தத் துளையில் செருகினாலும் கரகரப்பு நீங்காவிட்டால் கணினியின் உள்ளே காரணத்தைத் தேட வேண்டும். கணினி ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்புகிறது. அடுத்த துண்டு உரிய நேரத்தில் ஆயத்தமாகாவிட்டால் இடையில் விழும் வெற்றிடமே ‘டிக்’ என்று கேட்கும். வேறு பெரிய செயலிகளை மூடிப் பார்க்கலாம். மின்சக்தி அமைப்பைச் சிக்கன நிலையிலிருந்து முழுத்திறன் நிலைக்கு மாற்றலாம். ஒலி அமைப்பில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை நிறுத்திப் பார்க்கலாம். சவுண்டு கார்டின் டிரைவரை அதன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பிக்கலாம். புதுப்பித்த பிறகே தொல்லை தொடங்கியிருந்தால் பழையதற்குத் திரும்பலாம்.

மடிக்கணினியில் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், காரணம் மின்வழியில் இருக்கிறது. எர்த் உள்ள இணைப்பில் செருகிப் பார்க்க வேண்டும். மௌஸை அசைக்கும்போதெல்லாம் இரைச்சல் மாறினால், உள்ளிருக்கும் சவுண்டு கார்டு மற்றப் பாகங்களின் மின் இரைச்சலை ஏற்கிறது; சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்டு கார்டு அதனைத் தீர்க்கக்கூடும். ஒலிபெருக்கியின் அருகில் கைபேசியை வைத்தாலும் டிட்டிட்டென்று ஓர் ஓசை வரலாம். அதற்குக் கைபேசியைத் தள்ளி வைப்பதே போதும்.

தொலைபேசி அழைப்பில் பிள்ளைகளின் ஓதலைக் கேட்கும், வெளிநாட்டில் வாழும் தந்தையருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய முறைத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே சுமந்து வரும். ஸாத், ஸாய், ஸீன் ஆகிய ஸஃபீர் எழுத்துகளின் சீழ்க்கையொலியில் பெரும்பகுதி அதற்கு மேற்பட்டது. ஆகவே ‘ஸீனைச் சரியாகச் சொல்லவில்லை’ என்று அழைப்பில் கேட்டதை வைத்துப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். நேரில் கேட்கும் ஒருவரிடம் முதலில் விசாரியுங்கள்.

ஒலிபெருக்கியைச் சரிசெய்த மறுநாள் அச்சிறுவனை அழைத்து வரச் செய்தோம். எந்தப் பிள்ளைகளின் முன் கண்டித்தோமோ, அதே பிள்ளைகளின் முன் நடந்ததைச் சொல்லி, “பிழை எங்களுடையது. உன்னை விசாரிக்காமல் தவறாக எண்ணிவிட்டோம். எங்களை மன்னித்துவிடு” என்றோம். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையுமே என்று முதல் நாள் இரவு எங்கள் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது உண்மைதான். பெரிய ஹஸ்ரத்திடம் அதனைச் சொன்னபோது, “திட்டும்போது அவன் மரியாதையை நாம் யோசித்தோமா?” என்று மட்டும் கேட்டார்கள்.

அச்சிறுவன் சற்று நேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு, “இப்ப நான் எப்படி ஓதணும், ஹஸ்ரத்?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்குக் கணினியால் விடை சொல்ல முடியாது. அன்று முதல் நாள்தோறும் பத்து நிமிடம் அவனை எதிரில் அமர்த்தி ஓதிக் காட்டி, அவன் ஓதுவதைக் கேட்டு வருகிறோம். நாவு பழகியதை மாற்ற நாளாகிறது. இன்றும் விரைந்து ஓதும்போது சில வேளைகளில் அந்த நடுக்கம் எட்டிப் பார்க்கிறது. அப்போது அவன் தானே நிறுத்தி, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் ஓதுகிறான்.

செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுமாறும், வீண் சந்தேகங்களைத் தவிர்க்குமாறும் ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. ஊர்ச் செய்திகளுக்கும் பெரியவர்களுக்கு இடையிலான வழக்குகளுக்கும் அதனைப் பொருத்திப் பலமுறை பயான் செய்திருக்கிறோம். எதிரில் அமர்ந்திருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அது உரியது என்பதை மறந்திருந்தோம். கம்பி, துளை, திருகு, கூம்பு என்று ஒவ்வொன்றாக விசாரித்த பொறுமையில் சிறு பங்கையேனும் அவனிடம் காட்டியிருந்தால், “எங்கே கேட்டாய்?” என்னும் ஒரே கேள்வியில் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

இப்போது எங்கள் மதரஸாவில் பிள்ளைகளின் இருக்கைகளை வாரந்தோறும் மாற்றுகிறோம். வகுப்புக்கு முன் எங்களில் ஒருவர் ஒவ்வொரு மூலையிலும் சிறிது நேரம் அமர்ந்து கேட்கிறோம். பிள்ளைகள் ஓதுவதில் குறை கண்டால், அவர்கள் அதனை எங்கிருந்து பெற்றார்கள் என்று கேட்ட பிறகே திருத்துகிறோம்.

நாம் அறிந்தும் அறியாமலும் பிள்ளைகளின் உள்ளங்களைப் புண்படுத்தியதை வல்ல அல்லாஹ் மன்னிப்பானாக! அவர்களின் நாவுகளில் தன் வேதத்தை அழகாக நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.