கங்காசாகர் மேளாவில் ஹாம் வானொலி

ஹூக்ளி ஆறு வங்கக் கடலில் கலக்குமிடத்தில், தெற்கு 24 பர்கனா மாவட்டத்திற்கு உட்பட்ட சாகர் தீவில், தமிழகம் பொங்கல் கொண்டாடும் அதே மகர சங்கராந்தியையொட்டி ஆண்டுதோறும் கூடுகின்ற கங்காசாகர் மேளா, இந்தியாவின் மிகப் பெரிய நீராட்டு விழாக்களுள் ஒன்றாகும். கபில முனிவர் கோயிலை நாடி உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களிலிருந்து இலட்சக்கணக்கில் வருவோருள் முதியோர் பலர். எழுத்தறியாதவரும், கைபேசி எண்ணை மனத்தில் வைத்திராதவரும், தம் ஊர்ப்பேச்சன்றி வேறு மொழி அறியாதவரும் அவர்களுள் உண்டு. இத்தகையோர் கூட்டத்தில் உறவினரைப் பிரிந்து தனித்து நிற்பது ஆண்டுதோறும் நிகழ்வது. அவர்களை வீடு சேர்க்கும் பணியில் வெஸ்ட் பெங்கால் ரேடியோ கிளப்பைச் சேர்ந்த ஹாம் வானொலியாளர்கள் ஈடுபட்டு வருகின்றனர். கருவி கட்டுவதும் காது கொடுத்துக் கேட்பதுமாகிய இத்தொழிலின் இயல்பை அறிந்துகொள்ள இம்மேளாவைப் போன்ற களம் வேறொன்று எளிதில் கிடைக்காது.

ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, தொழில்நுட்ப ஆர்வம் ஒன்றையே பொருளாகக் கொண்டு, அரசின் உரிமம் பெற்ற தனிமனிதர்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் தம்முள் பேசிக்கொள்ளும் சேவையே அமெச்சூர் வானொலி எனப்படுகிறது. இதில் ஈடுபடுவோரை உலகெங்கும் ஹாம் என்பர். இந்தியாவின் முதல் ஹாம்களாக 1921-இல் இயங்கிய அமரேந்திர சந்திர குப்தா, முகுல் போஸ் ஆகியோரிலிருந்து இங்கே இத்துறையின் வரலாறு தொடங்குகிறது. தேசிய அளவிலான அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா 1948-இல் மாவ் நகரில் தொடங்கிய கழகத்திலிருந்து வளர்ந்தது. பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் மின்னியல் அடிப்படைகளிலும் வானொலி விதிகளிலும் தேர்வெழுதித் தேறினால் உரிமம் பெறலாம். உரிமத்தோடு வழங்கப்படும் அழைப்புக் குறியே அலைகளில் அவருடைய பெயர். தேர்வில் புதிதாகத் தேறிய பள்ளிச் சிறுவனையும் மரபுப்படி ‘ஓல்ட் மேன்’ என்று விளிப்பது இவ்வட்டத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

சாகர் தீவிற்குச் செல்லும் வழியை அறியாமல் அங்கே மனிதர்கள் தொலைவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள இயலாது. கொல்கத்தாவின் பாபுகாட்டில் தங்கிப் புறப்படும் யாத்ரீகர், காக்த்வீப்பை அடுத்த எட்டாம் லாட் எனப்படும் படித்துறையில் இறங்கி, முரிகங்கா ஆற்றைப் படகில் கடந்து, கச்சுபேரியாவில் கரையேறி, அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்தில் சென்றே கோயிலை அடைகின்றனர். ஆற்றில் வண்டல் படிந்துள்ளமையால் நீர் வற்றும் நேரங்களில் படகுகள் நின்றுவிடும். சனவரி மாதத்து மூடுபனி இறங்கினாலும் நின்றுவிடும். அவ்வேளைகளில் இரு கரைகளிலும் கூட்டம் தேங்குகிறது. தடை நீங்கியவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் படகை நோக்கி விரைய, கைப்பிடி விட்டுப்போன ஒருவர் ஒரு படகிலும் அவர் குடும்பத்தார் அடுத்த படகிலுமாகப் பிரிந்துவிடுகின்றனர். ஆகவே தொலைந்தவரைக் கோயில் முற்றத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. நெடுவழியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு காது இருக்கவேண்டும்.

அக்காதுகளை இணைக்கும் கருவி பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வீச்சில் இயங்கும் 5 வாட் கைவானொலியே. இந்த வீச்சில் அலைகள் ஏறக்குறைய பார்வைக்கோட்டிலேயே செல்வதால், எட்டும் தொலைவை உயரமே தீர்மானிக்கிறது. நின்றுகொண்டு பேசுபவரின் கைவானொலி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் அதன் வானொலி அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். ஆன்டெனாவை 15 மீட்டருக்கு உயர்த்தினால் அது 16 கிலோமீட்டராகிறது. இரு முனைகளிலும் அதே உயரம் இருந்தால் தொடர்பு 32 கிலோமீட்டர் வரை நீளும் என்பதால், குன்றொன்றும் இல்லாத கழிமுகச் சமவெளியில் நீண்ட மூங்கிலுக்கும் மொட்டைமாடிக்கும் உள்ள மதிப்பு விலை உயர்ந்த கருவிக்கும் இல்லை. இம்முறை எட்டாத இடங்களை, ஓர் அலைவரிசையில் கேட்டதை அக்கணமே மற்றோர் அலைவரிசையில் மீண்டும் ஒலிபரப்பும் ரிப்பீட்டர் என்னும் தானியங்கி நிலையத்தைக் கொண்டு இணைக்கின்றனர்.

ஆன்டெனாவை விலைக்கு வாங்குவதைவிடச் செய்துகொள்வதையே ஹாம்கள் பெருமையாகக் கருதுகின்றனர். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். அதில் காற்பங்கான அரை மீட்டர்க் கம்பி ஒன்றைக் கேபிள் இணைப்பியின் நடு ஊசியில் நிமிர்த்திப் பற்றவைத்து, அதே அளவில் நான்கு கம்பிகளை இணைப்பியின் நான்கு மூலைத் துளைகளில் திருகித் தரையை நோக்கிச் சாய்த்துவிட்டால் ‘கிரவுண்ட் பிளேன்’ எனப்படும் ஆன்டெனா ஆகிறது. கீழ்க்கம்பிகள் கிடையாக நின்றால் ஆன்டெனாவின் மின்மறுப்பு 50 ஓமிற்கு வெகுவாகக் குறைந்துபோகும். அவற்றை 45 பாகை அளவில் வளைக்கும்போது அது கேபிளின் 50 ஓமிற்கு நெருங்கி வருகிறது. பொருத்தம் கூடியதா என்பதை எஸ்டபிள்யூஆர் மீட்டர் காட்டும். ஆன்டெனா ஏற்காமல் திருப்பியனுப்பும் ஆற்றலை அளவிடும் இக்கருவியின் முள் ஒன்றரைக்குக் கீழ் நின்றால் போதும் என்பது நடைமுறை. முள் இறங்கவில்லையெனில் கட்டிங் பிளேயரை எடுத்து நடுக்கம்பியின் நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நறுக்கிவிட்டு மீண்டும் அளக்கின்றனர். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால், தேர்ந்த கைகள் முதலில் கம்பியைச் சற்று நீளமாகவே விட்டுவைக்கின்றன.

கருவி இவ்வளவு எளிது. கடினமானது பேச்சின் ஒழுங்கு. பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் கூடும்போது அதற்கு ‘நெட்’ என்று பெயர். ‘நெட் கன்ட்ரோல்’ எனப்படும் ஒரு நிலையம் யார் எப்போது பேசுவது என்பதை முறைப்படுத்துகிறது. பொத்தானை அழுத்தியவுடன் பேசத் தொடங்கினால் ரிப்பீட்டர் விழித்துக்கொள்வதற்குள் முதல் அசை வெட்டுப்படும் என்பதால், அழுத்திய பின் ஒரு நொடி பொறுத்தே வாயைத் திறக்கின்றனர். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குமுன் சிறு இடைவெளி விடுவதும் விதியே. அவசரச் செய்தி வைத்திருப்பவர் ‘பிரேக்’ என்று குறுக்கிட அந்த இடைவெளிதான் வாயில். பெயர்களை எழுத்தெழுத்தாக ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்று உச்சரிக்கின்றனர். இருப்பிடத்தைக் ‘க்யூடிஎச்’ என்றும், செய்தி கிடைத்ததைக் ‘க்யூஎஸ்எல்’ என்றும் குறிக்கின்றனர். கேட்டதை அவ்வப்போதே நேரத்துடன் பதிவேட்டில் எழுதும் பழக்கம் இதனோடு சேர்ந்தது. நல்ல ஹாம் எனப்படுபவர் பேச்சில் வல்லவரைக் காட்டிலும், இரைச்சலுக்கு நடுவில் ஒரு முறை ஒலித்த பெயரைப் பிழையின்றித் தாளில் இறக்கிவிடுபவரே.

மேளாவில் இத்திறன் மனிதர்கள்பால் திரும்புகிறது. தன் மாவட்டத்தின் பெயர் தெரியாத மூதாட்டிக்கும் சந்தை கூடும் ஊர், குளித்த ஆறு, மகளைக் கட்டிக்கொடுத்த கிராமம், இரயில் ஏறிய நிலையம் இவற்றுள் ஏதேனும் ஒன்று நினைவிருக்கும். அச்சிறு குறிப்புகளையும் பேச்சின் சாயலையும் கொண்டு அது போஜ்புரியா, மைதிலியா, புந்தேலியா என ஊகித்து, அப்பகுதியிலுள்ள ஹாம் நண்பர்களுக்குச் செய்தி அனுப்ப, அவர்கள் ஊர்ப் பெயரைக் காவல் நிலையத்திலும் கிராமத் தலைவரிடமும் விசாரித்துக் குடும்பத்தைக் கண்டறிகின்றனர். மேளா முடிந்த பின்பும் இப்பணி முடிவதில்லை. மருத்துவமனைகளில் உரியவர் இன்றித் தங்கிவிட்ட மனநலம் குன்றியோரின் வீடுகளையும் வெஸ்ட் பெங்கால் ரேடியோ கிளப் தேடியுள்ளது. முதியோரை வேண்டுமென்றே மேளாவில் விட்டுச்செல்லும் குடும்பங்களும் உண்டு என்னும் கசப்பான உண்மையும் இத்தேடலில் வெளிப்படுகிறது. அங்கே முகவரியைக் கண்டறிவதோடு வேலை தீர்வதில்லை.

இத்தேடலின் பெரும்பகுதி இன்று கைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் நடப்பதால், இதை வானொலிப் பணி என்று அழைக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. கூட்டம் நெருங்கிக் கைபேசிக் கோபுரங்கள் திணறும் வேளையில் படித்துறைக்கும் கோயிலுக்கும் இடையே வானொலி தேவைப்படுகிறது. அதற்கப்பால், முன்பின் பார்த்திராதவர் ஒருவர் அழைத்தாலும் எழுந்து சென்று விசாரித்துவரும் நண்பர்களை நாடெங்கும் உருவாக்கித் தந்தது பல ஆண்டுக் கால அலைத்தொடர்பே என்பது இதற்கான விடை. ஆயினும் அமெச்சூர் அலைவரிசையில் மறைகுறியாக்கத்திற்கு அனுமதி இல்லை. பேசுவதை யாரும் கேட்கலாம். ஆகவே தொலைந்தவரின் நோய் விவரங்களைத் தொலைபேசிக்கு விட்டுவிட்டு, வானொலியில் தேடலுக்கு வேண்டியதை மட்டும் பேசுவதே முறை.

பேரிடர்க் காலத்தில் இச்சேவையின் தேவை ஐயத்திற்கு இடமின்றி விளங்குகிறது. 2004 டிசம்பரில், அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் தொடர்புகொள்ளும் பயணமொன்றை மேற்கொண்டு போர்ட் பிளேயரில் தங்கியிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும், 26-ஆம் தேதி ஆழிப்பேரலையால் தொலைபேசி இணைப்புகள் அற்றுப்போனபோது, பொழுதுபோக்கிற்கெனக் கொண்டுவந்த நிலையத்தையே தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்திற்கும் இடையிலான செய்திப் பாலமாக மாற்றினர். எளிய உதிரிப்பாகங்களிலிருந்து கருவி கட்டும் மரபும் இதற்குத் துணை நிற்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும் கருவியின் முதல் வடிவத்தில், கிடைத்தற்கரிய காந்த வளையங்களுக்குப் பதிலாகக் குழாய் வாஷர்களின்மீது கம்பிச்சுருள் சுற்றும் வழி கூறப்பட்டிருந்தது.

எனினும், பிறருக்கான செய்திகளை ஹாம்கள் கையாள்வதற்குச் சட்டம் வரம்பிட்டுள்ளது. வழக்கமான தொடர்புகள் அற்றுப்போகும் இயற்கைச் சீற்றக் காலத்தில், ஆட்சியர் போன்ற பொறுப்பான அலுவலர்களின் செய்திகளுக்கே விதிகள் இடம் தருகின்றன. அவ்வாறாயின் ஆட்சியர் அலுவலகத்தாருக்கும் ஹாம்களுக்கும் முன்கூட்டியே அறிமுகம் இருப்பது இன்றியமையாதது. வங்கக் கடலின் கரையிலுள்ள எல்லா மாவட்டங்களும், தமிழகத்துக் கடலோர மாவட்டங்கள் உட்பட, உரிமம் பெற்ற ஹாம்களின் பட்டியலைக் கையில் வைத்திருந்து, பருவமழைக்கு முன் ஆண்டிற்கு ஒருமுறையேனும் அவர்களுடன் ஒத்திகை நடத்தி, ஆன்டெனா நிறுத்த ஓர் அரசுக் கட்டடத்தின் மாடியையும் முன்பே ஒதுக்கித் தரவேண்டும்.