பூட்டு செய்தவன் என்ன செய்வான்?

போன வாரம் வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் டிம் குக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த போனைத் திறந்து கொடுப்பீர்களா? கொடுப்பேன் என்பவர்கள் கை தூக்குங்கள்." முதலில் எழுந்த கைகளில் என்னுடையதும் ஒன்று. பதினான்கு பேரைக் கொன்றவனின் போன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அறைக்கு வந்து விஷயத்தைத் தேடிப் படிக்கப் படிக்க, கையை அவசரப்பட்டுத் தூக்கிவிட்டேனோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 2 அன்று, கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரு தம்பதி துப்பாக்கியால் சுட்டு 14 பேரைக் கொன்றார்கள். அன்றே போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கணவனுக்கு அலுவலகம் கொடுத்திருந்த ஐபோன் 5சி எஃப்.பி.ஐ. கையில் கிடைத்தது. ஆனால் பூட்டியிருந்தது. பத்து முறை தவறான எண்ணைப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் வசதி அதில் உண்டு. நான்கு இலக்க எண் என்றால் மொத்தமே 10,000 சாத்தியங்கள்தான். அந்தத் தடை மட்டும் இல்லையென்றால் கம்ப்யூட்டர் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

ஆப்பிள் ஒரேயடியாகக் கையை விரிக்கவில்லை. தன்னிடம் இருந்த ஐக்ளவுட் தகவல்களைக் கொடுத்துவிட்டது. 2016 பிப்ரவரி 16 அன்று நீதிமன்றம் கேட்டது வேறு. அந்தத் தடைகளை நீக்கும் ஒரு புது மென்பொருளையே எழுதிக் கொடுக்கச் சொன்னது. அதற்கு ஆதாரமாக அரசு காட்டியது 1789-ஆம் ஆண்டுச் சட்டம்! டிம் குக் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்துவிட்டார். ஒரு போனுக்காகச் செய்யும் சாவி எல்லா போனுக்கும் பொருந்திவிடும் என்பது அவர் வாதம்.

இங்கேதான் எனக்குக் குழப்பம். உயிரிழந்தவர்களின் குடும்பத்தினர் சிலர் எஃப்.பி.ஐ. பக்கம் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து "உலகத்தில் உள்ள மற்றவர்களின் பாதுகாப்புக்காக மறுக்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? ஆனால் அதே தாக்குதலில் குண்டடிபட்டுப் பிழைத்த ஒரு பெண்ணின் கணவர், ஆப்பிளை ஆதரித்து நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். பாதிக்கப்பட்டவர்களே இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

வழக்குக்குத் தீர்ப்பே வரவில்லை. வேறொருவர் உதவியால் போன் திறந்துவிட்டது என்று மார்ச் 28 அன்று அரசு வழக்கைக் கைவிட்டது. 2018-இல் அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் கொடுத்த அறிக்கையைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்குள் இருந்த வழிகளையெல்லாம் சரியாக விசாரித்து முடிக்காமலே எஃப்.பி.ஐ. நீதிமன்றம் போயிருக்கிறது. "வேறு வழியே இல்லை" என்று அரசு சொன்னால், ஒரு நிறுவனத் தலைவர் உடனே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

சரி, கேட்டதும் எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஷி தாவ் என்ற சீனப் பத்திரிகையாளர், தியானன்மென் சம்பவத்தின் 15-ஆம் ஆண்டு நினைவையொட்டிப் பத்திரிகைகளுக்கு அரசு போட்ட கட்டுப்பாடுகளைப் பற்றி 2004-இல் வெளிநாட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். போலீஸ் கேட்டது. யாஹூ அந்தக் கணக்கின் விவரத்தைக் கொடுத்தது. அரசு ரகசியத்தை வெளியிட்டார் என்று 2005-இல் அவருக்குப் பத்து வருடச் சிறை. உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம் என்றது யாஹூ. 2007 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில், பின்னால் உட்கார்ந்திருந்த ஷி தாவின் தாயாரிடம் ஜெர்ரி யாங் மன்னிப்புக் கேட்டார். மகன் வெளியே வந்தது 2013-இல்தான்.

கவனித்தீர்களா? இரண்டு இடத்திலும் அரசு சொன்ன காரணம் "நாட்டின் பாதுகாப்பு". வார்த்தை ஒன்றுதான். ஒன்றில் கொலைகாரன், இன்னொன்றில் மின்னஞ்சல் அனுப்பியவர்.

இதற்காக டிம் குக்கைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு மனம் வரவில்லை. 2018-இல் சீன வாடிக்கையாளர்களின் ஐக்ளவுட் கணக்குகளை, அந்நாட்டுச் சட்டப்படி, குய்ஜோ மாகாண அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு மாற்றியதும் அதே ஆப்பிள்தான். எதிர்த்து வழக்காட ஒரு நீதிமன்றம் இருந்த ஊரில் வந்த துணிச்சல், அது இல்லாத ஊரில் வரவில்லை. மறுத்தால் கடையையே மூட வேண்டியிருக்கும். ஊழியர்கள், பங்குதாரர்கள் என்று அவருக்கும் ஆயிரம் கவலை இருக்கும். புரிகிறது. ஆனாலும் உறுத்துகிறது.

யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி, முறையான நீதிமன்ற உத்தரவோடு கேட்டால், கையில் இருப்பதைக் கொடுக்கலாம். எல்லோர் வீட்டுப் பூட்டையும் பலவீனமாக்கச் சொன்னால் மறுத்து வழக்காட வேண்டும். தேவையில்லாத தகவலை முதலிலேயே சேர்த்து வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. இல்லாததை யாரும் பிடுங்க முடியாது. இதைப் போலீஸ் வாசலில் வந்து நிற்கும்போது தீர்மானிக்க முடியாது, பொருளை வடிவமைக்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த வகுப்பில் ஆசிரியர் மறுபடி கேட்டால் கை தூக்க மாட்டேன். ஆனால் அந்தப் பதினான்கு குடும்பங்களில் ஒன்று என் வீடாக இருந்திருந்தால்? அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?