அம்மாவின் கண்ணாடிக் கணக்கு

போன ஆவணியில் ஒரு நாள். மகளின் பள்ளிக்கூடச் சட்டையில் பட்டன் அறுந்து போயிருந்தது. ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். நூல் நுழையவே மாட்டேன் என்கிறது. நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசியைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து... எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில், "பாப்பா, இங்கே வா. இதிலே நூல் கோத்துக் கொடு" என்று மகளைக் கூப்பிட்டேன்.

கூப்பிட்ட பிறகுதான் சுரீர் என்றது. அப்படியே என் அம்மாவின் குரல்!

மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம்தான் எங்கள் ஊர். அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. அண்ணன், நான், தம்பி என்று மூன்று பேர். அம்மா எட்டாவது வரை படித்தவள். மாதம் பிறந்ததும் அப்பா சம்பளக் கவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். அம்மா அதைப் பிரித்து, பால், மண்ணெண்ணெய், ரேஷன், பள்ளிக்கூடச் செலவு என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்துவாள்.

எனக்குப் பதினொரு வயசிருக்கும்போதே ஊசியில் நூல் கோக்கும் வேலை என்னுடையதாகிவிட்டது. "பொம்பளப் புள்ளைக்குக் கைவேலை பழகணும்" என்பாள். நானும் அதை நம்பினேன். அரிசியில் கல் பொறுக்கும்போது முறத்தைக் குனிந்து பார்க்க மாட்டாள். விரலால் அளைந்தே கல்லை எடுப்பாள். ஒரு நாள் அப்பாவின் சோற்றில் கல் கடிபட்டுவிட்டது. "கண்ணு எங்கே இருக்கு உனக்கு?" என்று சத்தம் போட்டார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வேறு சோறு போட்டாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2004-இல் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் எடுத்து வந்தவள், இடது பக்கம் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். வெந்நீர் காலில் கொட்டிவிட்டது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. "பார்த்து வரக் கூடாதாம்மா!" என்று நான்தான் எரிந்து விழுந்தேன். "எனக்கு ஒண்ணுமில்லே, நீ பச்ச ஒடம்புக்காரி, கத்தாதே" என்றாள். அண்ணனுக்குத்தான் ஏதோ சந்தேகம். வற்புறுத்தி மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்து, எத்தனையோ ஏழைகளுக்குக் கண் கொடுத்த இடம் அது.

பரிசோதித்த டாக்டரம்மா, "கிளாக்கோமா" என்றார். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடும் நோயாம். பெரும்பாலும் வலி இருக்காதாம். முதலில் பக்கவாட்டுப் பார்வைதான் போகும். அதனால் நோயாளிக்கே தெரியாதாம். இடது கண்ணில் முக்கால்வாசி போய்விட்டது. "போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம்" என்றார். பிறகு, "நாற்பது வயசிலே வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட வந்திருந்தால், வருஷா வருஷம் அழுத்தமும் பார்த்திருப்போம். முதலிலேயே பிடித்திருக்கலாம். ஏம்மா வரல்லே?" என்று கேட்டார். "எனக்கு நல்லாத்தானே தெரிஞ்சுது" என்று சொல்லிச் சிரித்தாளாம் அம்மா.

54-ஆவது வயதில்தான் அம்மா முதல் முதலாகக் கண்ணாடி போட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரனின் முகத்தைப் பார்த்து, "அட, இவனுக்குப் புருவத்துக்குப் பக்கத்திலே மச்சம் இருக்கே!" என்றாள். அதன் பிறகு காலையில் ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு என்று கண் மருந்தை ஒரு நாள் தவறவிட்டதில்லை. வலது கண் கடைசிவரை அவளைக் கைவிடவில்லை. 2022 தை மாதம், 71-ஆவது வயதில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

காரியம் முடிந்து அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் அந்தக் கணக்கு நோட்டுகள், வருஷ வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. சும்மா புரட்டிப் பார்த்தேன்.

1990 ஆகஸ்டு. பால், விறகு, ரேஷன் எல்லாம் எழுதி, கடைசி வரியில், "எனக்குக் கண்ணாடி - 150." அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில், "சின்னவன் டைபாய்டு." 1991-இல் மறுபடியும் "கண்ணாடி - 150." கோடு. "பெரியவன் பரீட்சை பீஸ்." 1992-இல் மறுபடியும். கோடு. "பாப்பா சடங்கு." வருஷம் ஏற ஏற எழுத்து மட்டும் பெரிசாகிக்கொண்டே போகிறது. கோட்டை விட்டு வெளியே வந்து, ஒரு பக்கத்துக்குப் பத்து வரிகூட இல்லை. பாவி மகள், அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே வளர்ந்தேன்!

1994 ஜனவரிப் பக்கத்தில், "கண்ணாடி - 150." கோடு. பக்கத்தில், "பாப்பா ஸ்கூல் டூர், கொடைக்கானல்."

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'எல்லாரும் போறாங்க, நான் மட்டும் போகக் கூடாதா' என்று இரண்டு நாள் சாப்பிடாமல் முரண்டு பிடித்தேன். மூன்றாம் நாள் காலையில் பணத்தைக் கையில் வைத்து, "போய்ட்டு வா ஆத்தா, குளிருக்குத் தலையிலே துண்டு கட்டிக்க" என்றாள். ஒரு சின்ன பாட்டில் யூகலிப்டஸ் தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். "எம்மக கொடைக்கானல்லேருந்து எனக்கு வாங்கியாந்தா" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினாள்.

அடுத்த வருஷம் முதல் நோட்டில் அந்த வரியே இல்லை. எழுதுவதைக்கூட விட்டுவிட்டாள்.

அன்று டிரங்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஆனால், ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வளவு அழுத நான், மூன்று வருஷம் கழித்து என் கண் மங்கியபோது என்ன செய்தேன்? 'மகள் பீஸ் கட்டி முடியட்டும், தீபாவளி போகட்டும்' என்று நானும் தள்ளித்தான் போட்டேன்! ஊசியில் நூல் கோக்கச் சொல்லி மகளைக் கூப்பிட்ட அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

அந்தச் சனிக்கிழமையே கண் டாக்டரிடம் போனேன். எனக்கு இருப்பது வெறும் வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதான். கண்ணின் லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்தில் இருப்பது தெரிவதில்லை. அழுத்தம் சரியாக இருந்தது. ஆனாலும், "அம்மாவுக்கு கிளாக்கோமா இருந்ததால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். வருஷம் ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அண்ணனையும் தம்பியையும்கூடக் கட்டாயப்படுத்தி அனுப்பிவிட்டேன்.

அம்மாவைத் தியாகி என்று ஊரே சொல்கிறது. நானும் சொல்வேன். ஆனால் சகோதரிகளே, அவள் 150 ரூபாயை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கண்ணை இழந்தாள். கேட்டிருந்தால் எந்தப் பிள்ளையும் அந்த விலைக்குச் சம்மதித்திருக்க மாட்டோம். அவள் கேட்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கிலும் உங்கள் பெயருக்கு நேரே ஏதாவது ஒரு வரி மாதா மாதம் தள்ளிப் போகிறதா? தயவுசெய்து அதை இந்த மாதமே செய்துவிடுங்கள். உங்கள் அம்மா "எனக்கு ஒண்ணுமில்லே" என்றால், நம்பாதீர்கள்.

கண்ணாடி வந்த அன்று, நானே நூல் கோத்து மகளின் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். பிறகு அம்மாவின் அந்த 1994 நோட்டை எடுத்து, கோடு போட்ட வரிக்குக் கீழே எழுதினேன்: "கண்ணாடி - வாங்கியாச்சு, அம்மா."