பின்விளக்கு

கிள்ளானிலிருந்து துறைமுகத்திற்குச் செல்லும் சாலையில் கொள்கலன் ஏற்றிய லோரிகள் இரவு பகலாக ஊர்ந்தவண்ணம் இருக்கின்றன. அச்சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடொன்றில், அவற்றைப் பதினான்கில் ஒரு பங்காகச் சுருக்கினாற் போன்ற மாதிரி வண்டி ஒன்றுக்கு விளக்குப் பொருத்துவதில் பாட்டனாரும் பேரனும் பல வாரங்களைச் செலவிட்டனர். பாட்டனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லோரிப் பட்டறைகளில் வயர்மேனாக உழைத்து ஓய்ந்தவர். பேரன் மூன்றாம் படிவம் பயில்பவன்.

இத்தகைய வண்டிகளுக்குப் பெயர் பெற்றது ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்துத் தாமியா நிறுவனம். 1946-இல் மரவாணிகமாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1990-களில் 1:14 அளவுடைய இழுவை லோரிகளை வானொலிக் கட்டுப்பாட்டுடன் வெளியிடலாயிற்று. நாற்பதடிக் கொள்கலன் இவ்வளவில் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் நீளம் வரும். பெட்டியில் விளக்குக்குரிய கூடும் கண்ணாடியும் இருக்கும். எரியும் விளக்கைப் பெரும்பாலும் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். பொம்மைக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்போர் உண்டு. பள்ளியில் எழுதிப் பார்த்துவிட்டு மறக்கும் ஓமின் விதியை விரல்நுனியில் சுடச்சுட உணர்வதற்கு இதைவிட மலிவான வழி வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

பாட்டனார் பழகியது 24 வோல்ட் லோரி. மாதிரி வண்டியின் பேட்டரியோ 7.2 வோல்ட். பழைய இழைப் பல்பை நேரே பேட்டரியோடு இணைக்கலாம்; ஒளியுமிழ் டையோடை அவ்வாறு இணைத்தால் அது ஒரு கணம் மின்னிவிட்டுக் கருகும். தன்னுள் பாயும் மின்னோட்டத்தை அடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. மின்தடை ஒன்று அதனைக் காவல் காக்க வேண்டும். சிவப்பு டையோடு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 5.2 வோல்ட். அதனை 20 மில்லியாம்பியரால் வகுத்தால் 260 ஓம். கடையில் கிடைப்பது 270. பேரன் அதனையே எடுத்தான். பாட்டனாரோ 330 ஓம் மின்தடையை எடுத்து அவன் கையில் வைத்தார். அப்பொழுதுதான் மின்னேற்றிய பேட்டரி 8 வோல்ட்டையும் தாண்டி நிற்கும் என்பது அவர் கணக்கு. ஏட்டுக் கணக்கும் பட்டறைக் கணக்கும் வேறுபடும் இடம் இதுவே.

சிவப்பு டையோடு 1962-இல் நிக் ஹோலோன்யாக் என்னும் அமெரிக்கரால் உருவாக்கப்பட்டது. வெண்ணிற விளக்குக்கு உலகம் மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஒளிமிக்க நீல டையோடு கைகூடிய பின்னரே அது இயன்றது. அவ்வாக்கத்திற்காக அகசாக்கி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். அதற்கு முன்னர் மாதிரி வண்டியின் முகப்பில் கோதுமை மணியளவு இழைப் பல்புகளே எரிந்தன.

பாட்டனாரின் அனுபவம் ஓரிடத்தில் அவருக்கே எதிராக நின்றது. லோரியின் இரும்புச் சட்டமே எதிர்முனை. எந்த விளக்கின் ஒரு கம்பியையும் சட்டத்தில் முடுக்கிவிட்டால் போதும். மாதிரி வண்டியிலும் அலுமினியச் சட்டம் இருக்கக் கண்டு, அவர் கை தானாகவே அங்குச் சென்றது. பேரன் தடுத்தான். அவன் வாங்கிய கட்டுப்பாட்டுச் சாதனத்தில் விளக்குகளின் நேர்முனைகள் யாவும் ஒன்றாகச் சேரும். எதிர்முனைகளையே சாதனம் தனித்தனியாகத் திறந்து மூடும். வானொலி ஏற்பி நொடிக்கு ஏறத்தாழ ஐம்பது முறை அனுப்பும் துடிப்புகளின் நீளத்தை அச்சாதனம் அளக்கிறது. நடுநிலையில் துடிப்பு 1.5 மில்லிநொடி. வேகத் துடிப்பு நடுநிலைக்குத் திரும்பினால் பிரேக் விளக்கு எரியும். திருப்பும் துடிப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் அப்பக்கத்துச் சிக்னல் சிமிட்டும். பாட்டனார் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படத்தை இருமுறை பார்த்தார். பிறகு முடுக்கிய திருகைக் கழற்றினார்.

முகப்பு விளக்கையும் கூரை விளக்குகளையும் முதலில் எரியவிட வேண்டும் என்பது பேரனின் ஆசை. அழகு அங்கேதான் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. பாட்டனார் டிரேலரின் பின்புறத்தைத் தவிர வேறெதையும் தொட மறுத்தார்.

"ஏன் தாத்தா, பின்னாலே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான்.

"பின்னாலே வருகிறவன் பார்ப்பான், தம்பி."

அன்று மாலை அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பேரனின் தாய்தான் அடுப்படியில் வைத்துப் பிறகு சொன்னாள். 1979-இல் தோட்டத்தில் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய பாட்டனாரின் தம்பி, சாலையோரம் நின்றிருந்த டிரேலரின் பின்புறத்தில் மோதி இறந்தார். அதில் விளக்கு எரியவில்லை. பல்பு நன்றாகவே இருந்ததாம். லோரிக்கும் டிரேலருக்கும் இடையே உள்ள இணைப்பில் கம்பி ஒன்று அறுந்திருந்தது. அது பாட்டனார் வேலை பார்த்த பட்டறைக்கு வந்துபோகும் வண்டி அன்று. ஆயினும் அதன் பின்னர், வண்டிக்குப் பின்னால் தாமே நின்று பாராமல் எந்த டிரேலரையும் அவர் வெளியே விட்டதில்லை. ஒரு பல்புக்காக வண்டியை நிறுத்தி வைப்பதா என்று சினந்த முதலாளிமார் பலர்; அதனால் அவர் இருமுறை வேலையையும் இழந்தார். இவையெல்லாம் பேரனுக்கு அதுவரை தெரியாதவை.

மறுநாள் அவனே டிரேலரை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். பொதுக் கம்பி, பின்விளக்கு, பிரேக், இடம், வலம் என ஐந்து கம்பிகள். ஒவ்வொரு பற்றாசு முனையின் மேலும், சூடு பட்டால் சுருங்கும் குழாயை இட்டு மூடினான். கூட்டின் பிளாஸ்டிக் ஒளியைக் கசியவிடுவதால் அதன் உட்புறத்தில் கறுப்புச் சாயம் பூசினான். இணைப்புக் கம்பியின் நீளத்தில்தான் நெடுநேரம் சென்றது. குறைந்தால் வண்டி முழுதாகத் திரும்பும்போது இழுபட்டு அறும். மிகுந்தால் தரையில் உராயும். பாட்டனார் லோரித் தலையை இருபுறமும் இயன்றவரை ஒடித்துப் பார்த்து, விரலால் அளந்து, ஓர் அங்குலம் கூட்டச் சொன்னார். கம்பியின் இரு நுனிகளையும் நூலால் சட்டத்தோடு கட்டி, இழுப்பின் பளு பற்றாசின்மேல் விழாதபடி செய்தார்.

இரவில் நடைவழி விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓடவிட்டார்கள். பேரன் கட்டுப்பாட்டுக் கருவியைப் பாட்டனாரிடம் கொடுத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய்க் குனிந்து நின்றான்.

"இடப்பக்கம் கொஞ்சம் மங்கல், தாத்தா."

பாட்டனார் வண்டியை நிறுத்தினார். பற்றாசுக் கோல் இன்னும் சூடாகத்தான் இருந்தது.