விலாசம் மட்டும்

வங்கியில் கொள்ளை நடக்கிறது. துப்பாக்கிக்காரன் எல்லோரையும் தரையில் படுக்க வைத்துவிட்டான். அந்த நேரத்திலும் மார்வ் என்ற இளைஞனுக்கு வேறு கவலை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்தக்கூடாத இடத்தில் தன் காரை விட்டுவிட்டு வந்திருக்கிறான், அபராதச் சீட்டு ஒட்டிவிடுவார்களே என்று புலம்புகிறான். பக்கத்தில் படுத்திருக்கும் நண்பன் எட், அந்த ஓட்டை வண்டிக்கு இவ்வளவு அக்கறையா என்று கிண்டல் செய்கிறான். கொள்ளைக்காரன் கடைசியில் அந்தக் காரிலேயே தப்பிக்கப் பார்க்கிறான். கார் கிளம்ப மறுக்கிறது. அவன் தவறவிட்ட துப்பாக்கி எட் கைக்கு வந்துவிட, எதிலும் உருப்படாத பத்தொன்பது வயது டாக்ஸி ஓட்டுநர் மறுநாள் ஊருக்கே வீரனாகிவிடுகிறான். மார்கஸ் ஸூசாக் எழுதி 2002-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான 'தி மெசஞ்சர்' இப்படித் தொடங்குகிறது. அமெரிக்காவில் அதற்கு 'ஐ ஆம் தி மெசஞ்சர்' என்று பெயர். பிறகு எட் கென்னடிக்கு யாரோ சீட்டுக்கட்டின் ஆஸ்களை ஒவ்வொன்றாக அனுப்ப, அவன் முன்பின் தெரியாதவர்களுக்கு உதவப் போகிறான். கதையை இப்படிச் சுருக்கினால், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கென்றே செய்த புத்தகம் போலத் தோன்றும். அந்த வகைப் புத்தகங்களைக் கண்டால் எனக்கு ஒவ்வாது. ஆனால் இந்த நாவல் அந்த வகையில் சேராது. முகம் தெரியாதவனுக்கு நல்லது செய்வது சுலபம், வாரம் தவறாமல் கூட உட்கார்ந்து சீட்டாடுகிறவனுக்கு நல்லது செய்வதுதான் கஷ்டம் என்பதே அதன் விஷயம் என்று நினைக்கிறேன்.

முதலில் வருவது டைமன் ஆஸ். அதில் மூன்று விலாசங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம்: நள்ளிரவு, மாலை ஆறு மணி, விடிகாலை ஐந்தரை. அவ்வளவுதான். அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறை, இவன் என்ன செய்ய வேண்டும், ஒன்றும் இல்லை. நாவலில் ஸூசாக் செய்த மிகக் கெட்டிக்காரத்தனமான காரியம் இந்த மௌனம்தான். என்ன செய்வது என்று தெரியாததால் எட் முதலில் போய் நிற்கிறான், பார்க்கிறான், திரும்பி வருகிறான், மறுபடி போகிறான். மாலை ஆறு மணி வீட்டில் மில்லா என்ற கிழவி தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். போரில் இறந்துபோன கணவன் ஜிம்மி என்று எட்டை நினைத்துக்கொள்கிறாள். அவன் மறுக்கவில்லை, ஜிம்மியாகவே உட்கார்ந்து அவளுக்குப் புத்தகம் வாசிக்கிறான். விடிகாலையில் ஒரு பெண் வெறுங்காலோடு ஓடிப் பழகுகிறாள். ஷூ வாங்கிக் கொடுப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எட் கொடுப்பது வெறும் ஷூ பெட்டி. போட்டியிலும் வெறுங்காலோடே ஓடு என்பது அதன் பொருள், அவளுக்கும் அது புரிகிறது. அடுத்து கிளாவர் ஆஸ் காட்டிக்கொடுக்கும் ஆஞ்ஜி கருஸோ மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். வாராவாரம் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறாள், தனக்கென்று வாங்குவதே இல்லை. எட் அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். பணக்கஷ்டம், வேலை, தனிமை என்று அவள் வாழ்க்கையில் எதுவும் தீரவில்லை. ஆனால் அந்த நாலாவது ஐஸ்கிரீம் இல்லை என்பதைக் கவனிக்க, அவளை உட்கார்ந்து பார்த்த ஒருவன் வேண்டியிருந்தது.

இவர்களையெல்லாம் எட்டால் இப்படிப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அவர்களைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இல்லாததுதான். அபிப்பிராயம் இருக்கிற இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு மார்வ் சாட்சி. தச்சு வேலை செய்து சம்பாதிக்கிறான், செலவழிக்க மாட்டான். அவனுடைய கஞ்சத்தனமும் கிளம்பாத காரும் நாவல் நெடுகக் கேலிப்பொருள். நண்பர்கள் சிரிக்கிறார்கள், வாசிக்கிற நாமும் சிரிக்கிறோம். ஆட்டின் ஆஸ் வந்து, அதில் நண்பர்களின் முறை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. மார்வ் ஒரு பெண்ணைக் காதலித்தான். அவள் கர்ப்பமானதும் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டாள். கண்ணால்கூடப் பார்த்திராத அந்தக் குழந்தைக்காகத்தான் இவன் காசு காசாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். முதல் காட்சியை இப்போது திரும்பிப் பாருங்கள். மார்வ் அந்தப் பணத்தில் நல்ல கார் ஒன்று வாங்கியிருந்தால் கொள்ளைக்காரன் தப்பித்திருப்பான், எட் வீரனாகியிருக்க மாட்டான். எட்டின் புகழே மார்வ் மறைத்துவைத்த துக்கத்தின்மேல் நிற்கிறது, அது தெரியாமல் எட் அந்தக் காரைக் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறான். ஸூசாக் இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. இத்தனைக்கும் மார்வ் எதையும் பூட்டி வைக்கவில்லை. கார் எல்லோர் கண்முன்னாலும்தான் நின்றது.

நம் பழம்பாட்டில் ஒரு விஷயம் இதை வாசிக்கும்போது விடாமல் நினைவுக்கு வருகிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத் தெரியாதவர் இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்கிறோம். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த கதை பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வருவதில்லை. புறநானூற்றில் 143 முதல் 147 வரையான ஐந்து பாட்டும் அதைப் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் அவளுக்காகப் பேசுகிறார்கள். பரணர் வாதாடும் விதம் அலாதி. மயிலுக்குக் குளிருமே என்று இரங்கியவன் அல்லவா நீ என்று தொடங்குகிறார். பசி என்று நாங்கள் வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர், நாங்கள் கேட்கும் பரிசில் அதுதான் என்கிறார். பரிசில் வாங்கிப் பிழைக்கும் புலவர் பரிசில் வேண்டாம் என்று சொல்வது சாதாரணமான காரியமா? மயிலுக்கு உண்மையில் குளிரியதா என்று அந்தப் பாட்டு ஆராயவில்லை. ஆனால் மயிலையும் மனைவியையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்ததிலேயே, மயிலின் குளிர் பட்ட கண்ணுக்கு மனைவியின் கண்ணீர் படவில்லை என்ற குத்தல் இருக்கிறது. பேகனுக்கு விலாசம் அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை, அவன் வீட்டு விலாசம்தானே!

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தன் வீட்டாரையும் சிநேகிதர்களையும் பார்த்துக்கொள்ள யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், காக்கைகூட அதைச் செய்யும். அந்நியனிடம் காட்டும் இரக்கம்தான் மனிதனுக்குப் பெருமை, அதைச் சுலபம் என்று தள்ளுவது சுயநலத்துக்குச் சாமரம் வீசுவதாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாவல் சொல்லும் வரிசையைக் கவனிக்க வேண்டும். டைமனிலும் கிளாவரிலும் எல்லோரும் வெளியார். இஸ்பேடில் வாய் திறந்தால் வசவு பொழியும் எட்டின் அம்மா வருகிறாள். ஆட்டினில் நண்பர்கள். கடைசியாக ஜோக்கர் சீட்டில் அவனுடைய சொந்த விலாசமே வருகிறது. வீட்டை முதலில் பார் என்று அது சொல்லவில்லை, வீட்டைப் பார்க்கும் கண்ணையே வெளியாரிடம்தான் பழக வேண்டியிருக்கிறது என்கிறது. மில்லாவின் ஜன்னலுக்கு வெளியே நிற்காத எட்டுக்கு மார்வ் கடைசிவரை கஞ்சனாகவே இருந்திருப்பான். பேகனுக்கும் மயில் வீணில்லை, அங்கேயே நின்றுவிட்டதுதான் பிழை.

இன்னொரு மறுப்பு: கட்டளைக்குப் பயந்து செய்வது அறமாகுமா? முகமூடி போட்ட இருவர் எட்டின் சமையலறையில் உட்கார்ந்து தின்றுகொண்டே அவனை அடித்து உதைக்கிறார்கள்தான். ஆனால் அடியும் உதையும் ஒருவனை வாசல்வரைதான் கொண்டுபோய் நிறுத்தும். ஐஸ்கிரீமைக் கண்டுபிடிக்க வைக்காது. இதைவிட எனக்கு உறுத்துவது அந்த நள்ளிரவு விலாசம். அங்கே ஒருவன் குடித்துவிட்டு வந்து இரவுதோறும் மனைவியைப் பலாத்காரம் செய்கிறான். அங்கே குறை என்ன என்று கண்டுபிடிக்க எதுவுமில்லை, முதல் இரவிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் அந்த வேலையைத்தான் எட் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான். பார்க்கத் தெரிந்தால் போதும் என்ற என் வாதம் இந்த வீட்டில் செல்லாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், இங்கே வேண்டியது தைரியம். கடைசியில் எட் துப்பாக்கியைக் காட்டி, கொல்லாமல் அந்த ஆளை ஊரை விட்டு விரட்டுகிறான். அந்த மாதிரிக் கணவன் ஒரே மிரட்டலில் ஓடிப்போவான் என்பதை நாவலுக்குள் நம்பலாம், வெளியே நம்ப மாட்டேன்.

மார்வ் குழந்தையைத் தேடிப் போகும் இடத்தில் அப்படி நம்ப முடியாதது எதுவும் இல்லை. எட் கூட்டிக்கொண்டு போகிறான். பெண்ணின் அப்பா வாசலிலேயே மார்வை அடித்துத் தள்ளுகிறார், மார்வ் திருப்பி அடிக்கவில்லை. அவன் மகளைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். உதவி என்று எட் செய்தது துணைக்கு நின்றது மட்டும். நாவலின் உச்சம் இதுதான் என்பேன். இதற்குப் பிறகு வரும் முடிவைப் பற்றி வாசகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இளைஞன் ஒருவன் வந்து உட்கார்ந்து, கொள்ளைக்காரனிலிருந்து எல்லாவற்றையும் தானே ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறான். பார்த்தால் நாவலை எழுதியவனே கதைக்குள் வந்த மாதிரிதான். வரிசைப்படி இது தர்க்கரீதியாகவே வருகிறது என்று வாதிடுபவர்கள் இருக்கலாம். எனக்குச் சம்மதமில்லை. எல்லாவற்றையும் ஒரு கை எழுதிவைத்தது என்றால் மார்வ் சேர்த்த பணமும் அந்தக் கை போட்டதுதான், காரும் அதற்காகவே மக்கர் செய்தது என்றாகிவிடும். 2005-இல் வந்த 'தி புக் தீஃப்' நாவலில் ஸூசாக் மரணத்தையே கதைசொல்லியாக்கினார். அந்த மரணம் கடைசியில் வந்து உட்காரவில்லை, தொடக்கத்திலேயே எதிரே வந்து நின்று பேசத் தொடங்கிவிடுகிறது.